இரண்டு பன்

“சும்மா விசாரிக்கலாம்னு வந்தேன் மேடம். அமினோ அமில டெஸ்ட் இங்க எடுப்பீங்களா?” என்று கேட்டார் கோதண்டராமன். படப்பையில் சத்துமாவு தயாரிப்பவர். அந்த ரிப்போர்ட் இல்லாவிட்டால் பள்ளிக்கூட ஆர்டர் கைநழுவிவிடும்.

ஒரகடம் பொது ஆய்வகத்தின் கவுன்ட்டரில் இருந்த சுபஸ்ரீ அலுத்துக்கொண்டாள். “எல்லாரும் விசாரிக்கத்தான் சார் வர்றாங்க. சாம்பிள் யாரும் தர்றதில்ல. மத்த லேப்ல எல்லாம் நிறுத்திட்டாங்க. நாலு சாம்பிளாவது சேர்ந்தாத்தான் நாங்க மெஷினை ஓட்டுவோம். இன்னிக்கும் சேரலன்னா இங்கயும் க்ளோஸ்.”

அவர் வெளியே வந்து, டிபன் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தார். பக்கத்தில் ஒருவர் மூடிய டப்பாவோடு வாடிப்போய் இருந்தார். சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. கோதண்டராமனுக்கு மனசு கேட்கவில்லை. இரண்டு பன் வாங்கி ஒன்றை நீட்டினார்.

“இன்னா சார், டப்பாவ வெச்சிகினே பட்டினியா கீறீங்க? சாப்டுங்க.”

வாங்கிக்கொண்டவர் கூசிப்போனார். “இதுல சோறு இல்ல அண்ணாச்சி. எங்க கம்பெனி புரோட்டீன் பவுடரு. டெஸ்டுக்குக் கொண்டாந்தேன். போட்டிக்காரன் எவனும் பாத்துரக் கூடாதுன்னுதான் டிபன் டப்பா.”

“அந்தப் போட்டிக்காரன் நான்தான் சார்” என்று சிரித்தபடி கோதண்டராமன் தன் டப்பாவைத் திறந்து காட்டினார். உள்ளே அவரும் டெஸ்டுக்கு ஒளித்துக் கொண்டுவந்த சத்துமாவு. “ஊருக்கெல்லாம் சத்து விக்கிறோம். நாம துன்றது பன்னு!”

சிரித்து முடித்து நிமிர்ந்தார். எதிர் பெஞ்சில் இரண்டு பேர், மடியில் இருந்த டப்பாவைத் திறக்காமல் டீ மட்டும் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

“மாஸ்டர், இன்னும் ரெண்டு பன் குடு!”