ஆளுக்கு ஒரு பாட்டில்

"கை காயட்டுங்க. அதுக்குள்ள புள்ளையத் தூக்காதீங்க."

மனைவியின் குரல் கேட்டதும் அன்பரசன் மகளை நோக்கி நீட்டிய கைகளை இழுத்துக்கொண்டு, மறுபடியும் பரபரவென்று தேய்த்தான். திருவண்ணாமலை தேரடி வீதியில் அவனுக்கு மெடிக்கல் ஷாப். நாள் முழுக்க நோயாளிகள் நீட்டும் மருந்துச் சீட்டைத் தொடுகிற கை. வீட்டுக்குள் நுழைந்ததும் சானிடைசர் போட்டுத் தேய்த்த பிறகுதான் இனியாவைத் தொடுவான். ஊரே மறந்துபோன அந்தப் பழக்கம் இந்த வீட்டில் மட்டும் போகவில்லை.

சுரீரென்ற அந்த ஸ்பிரிட் வாசனை கூடத்தில் பரவியது. காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்த எழிலரசி நிமிர்ந்தாள்.

"அந்தக் கதையச் சொல்லுங்களேன்."

"மறுபடியுமா? போன வாரம்தானே சொன்னேன்!"

"இந்த வாசனை வந்தாலே அதான் ஞாபகம் வருது. சொல்லுங்க."

அவன் மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"கொரோனா டைம். பௌர்ணமி அன்னிக்குக்கூட கிரிவலப் பாதையில ஈ காக்கா கிடையாது. கடைக்கு முன்னாடி கயிறு கட்டி வச்சிருந்தேன். சானிடைசர் ஸ்டாக் ரொம்பக் கம்மி. ஆளுக்கு ஒரு பாட்டில்தான்னு அட்டையில எழுதித் தொங்கவிட்டிருந்தேன். ஒரு பொண்ணு தினம் சாயங்காலம் வந்து கயித்துக்கு அந்தப் பக்கம் நிக்கும். மூஞ்சி முழுக்க மாஸ்க். கண்ணு மட்டும்தான் தெரியும்."

"நான் என்ன கேட்டேன்?"

"ஒரு சானிடைசர் குடுங்கன்னு கேட்ட. அப்ப டாஸ்மாக் வேற மூடியிருந்தாங்களா, எனக்குச் சந்தேகம். 'நேத்துதானே வாங்கினீங்க, வீட்டுல யாராவது குடிக்கிறாங்களா?'ன்னேன். நீ ஒரு முறை முறைச்ச பாரு! 'தெரு கூட்டுற அக்காங்ககிட்ட கை கழுவ ஒண்ணுமே இல்ல. ஒவ்வொருத்தருக்கா வாங்கிக் குடுக்குறேன். ஆளுக்கு ஒண்ணுன்னு எழுதினது நீங்கதானே'ன்னு பிடிச்சுக்கிட்ட."

எழிலரசி வாய்விட்டுச் சிரித்தாள். "அப்புறம்?"

"சமாதானமா உன் கையில கொஞ்சம் ஊத்தினேன். நீ தேய்ச்ச கையோட துப்பட்டாவுல துடைச்ச. 'துடைக்காதீங்க, தானா காயணும், அப்பதான் கிருமி சாகும்'னேன். நீ ரெண்டு கையையும் காத்துல ஆட்டிக்கிட்டே, 'காத்துக்குத் தனியா பில் போடுவீங்களா?'ன்னு கேட்ட. மாஸ்க்குக்குள்ள சிரிக்கிற, கண்ணு ரெண்டும் கோடாப் போச்சு. நான் அங்கயே காலி."

"அன்னிக்கு மாஸ்க் என்ன கலர்?"

"நீலம்... இல்ல, பூப்போட்டதா? மறந்துபோச்சு எழில்."

"மறந்துட்டீங்களா?" அவள் குரல் சட்டென்று உடைந்தது. "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. போன தடவ சொன்னீங்களே!"

"ஏய், மாஸ்க் கலருக்கா அழுவாங்க? உன் மாஸ்க்தானே, உனக்கே தெரியாதா?"

"எனக்குத் தெரியல. அதான் உங்களக் கேக்குறேன்." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சரி, கடைசியா வந்த அன்னிக்கு?"

"'இன்னும் ஒரு அக்கா பாக்கி, நாளைக்கு ஒண்ணு எடுத்து வைங்க'ன்னுட்டுப் போன. எடுத்து வச்சேன். வரல. மறுநாளும் வரல. பேர்கூடத் தெரியாது. பேகோபுரத் தெரு, பச்சை கேட் வீடுன்னு எப்பவோ பேச்சுவாக்குல சொல்லியிருந்த. விசாரிச்சா, அந்த வீட்டுல துக்கம்னாங்க. சரி, இப்பப் போய்ப் பேசக் கூடாதுன்னு ஒரு வருஷம் பொறுத்துதான் எங்க பெரியம்மாவ அனுப்பினேன். பச்சை கேட் வீட்டுப் பொண்ணு வேணும்னு கேட்டாங்க. நீயும் சரின்னுட்ட." அவன் மகளின் தலையைக் கோதினான். "ஆமா, அப்புறம் ஏன் கடைக்கு வரவே இல்ல? அத மட்டும் இன்னிக்கு வரைக்கும் நீ சொன்னதில்ல."

"உடம்பு சரியில்ல," என்றாள் எழிலரசி, மடித்த துணியையே மறுபடி பிரித்து மடித்தபடி.

"ஜாஸ்தியா?"

"ம்."

இனியா சிணுங்க ஆரம்பித்ததால், மலையைக் காட்ட அவளைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனான்.

அந்த ஊரடங்கில் எழிலரசி ஒரு நாள்கூட வாசலைத் தாண்டியதில்லை. "நீ உள்ளயே இருடி, நான் போயிட்டு வரேன்" என்று தினமும் மெடிக்கலுக்குக் கிளம்பிய அக்கா கலையரசி, அந்த வருஷமே ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பாமல் போனாள். அவள் பெயரை எடுத்தாலே அம்மாவும் அப்பாவும் அழுது ஓய்ந்துவிட, அவள் சிரித்ததைச் சிரித்துக்கொண்டே சொல்ல எழிலரசிக்கு அவன் ஒருவன்தான் இருந்தான்.