மூணாவது கியர்

“ஏம்மா, உன் மன்றத்துல ‘மூணாவது கியர்’னு ஒருத்தி எழுதுறாளே, அது யாரு?” என்று கேட்டார் மாமியார்.

கார் ஓட்டப் பழகுகிறவர்களுக்காக மருமகள் நடத்தும் இணைய மன்றம் அது. பதிவு செய்தவர்களின் போன் எண்கள் அவளிடம் மட்டுமே இருந்தன. ‘மூணாவது கியர்’ ஏற்கெனவே இரண்டு முறை ஓட்டுநர் தேர்வில் தோற்றவர். நாளை மூன்றாவது தேர்வு. வீட்டில் தெரிந்தால் மானம் போய்விடும் என்று எழுதியிருந்தார். மன்றமே நகத்தைக் கடித்துக்கொண்டு காத்திருந்தது.

“சொல்லக் கூடாது அத்தை. பேரு, நம்பர் எதையும் வெளியே விடக் கூடாதுன்னு சட்டமே இருக்கு.”

“நான் என்ன வெளியாளா?”

“உங்க பிள்ளை கேட்டாலும் இதே பதில்தான்.”

“பெரிய நீதிபதி” என்று முணுமுணுத்தபடி மாமியார் நகர்ந்தார்.

மறுநாள் பதினொரு மணிக்கு மன்றத்தில் ஒரே ஒரு சொல் வந்து விழுந்தது: ‘பாஸ்’. மருமகள் நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தாள். வாழ்த்துகள் வந்து குவிந்தன.

கடைக்குப் போயிருந்த மாமியார் வெறும் பையோடு திரும்பி வந்தார். “என்னம்மா, முகமெல்லாம் சிரிப்பு?”

“மன்றத்துல ஒருத்தங்க பாஸ் பண்ணிட்டாங்க அத்தை.”

“யாரு?”

“அதான் சொல்லக் கூடாதே” என்ற மருமகள், கார் சாவியை எடுத்து அந்தக் காலிப் பைக்குள் போட்டாள். “இனிமே கடைக்கு நீங்களே ஓட்டிட்டுப் போங்க.”