உப்புக்கிழி

கம்பமெட்டு ஏற்றத்தில் ஆடிச்சாரல் முகத்தில் அறைகிறது. ஏலத்தோட்ட வேலைக்கு ஏறும் ஒச்சம்மாள், மழைக்குத் தலையில் கவிழ்க்கும் சாக்குக் கொங்காணியை ஐந்து வயது மகள் செல்லாயிக்குப் போட்டுவிட்டு, தான் நனைந்தபடி நடக்கிறாள். "வழியில பிள்ளையத் தூக்குனா ரெண்டு பேரும் திரும்பிர வேண்டியதுதான்" என்று அடிவாரத்திலேயே சொல்லிவிட்ட கங்காணி, குடைக்குள்ளிருந்து திரும்பித் திரும்பிப் பார்க்கிறார். சிறுமியின் கணுக்காலில் அட்டையொன்று ரத்தம் குடித்து உப்பித் தொங்குகிறது. ஒச்சம்மாளின் கை தன்னையறியாமல் நீள்கிறது. "தூக்கிராத ஆத்தா, நானே பாத்துக்கிறேன்" என்று தாயின் மடியிலிருந்த உப்புக்கிழியை வாங்கி, பல்லைக் கடித்துக்கொண்டு அட்டைமேல் அழுத்துகிறாள் செல்லாயி. அது சுருண்டு விழுகிறது; ரத்தம் மழையோடு ஓடுகிறது. கிழியைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டு, பாறையில் சாய்ந்து மூச்சு வாங்கும் கங்காணியைக் கடந்து ஏறுகிறாள். "ஒங்க கழுத்துலயும் ஒண்ணு இருக்கு. நீங்களே எடுத்துக்கங்க."