தையல்காரம்மாவின் ட்ராக்

"தப்பு என்னோடது மாஸ்டர். இன்னொரு தடவை எடுத்துடலாமா?"

தையல்காரம்மா கையைத் தூக்கியாச்சு. இது ஏழாவது முறை.

மாஸ்டர் ஹெட்போனைக் கழற்றி, லேப்டாப் பக்கத்தில் டொம்மென்று வைத்தார்.

"ஏம்மா, நீங்க பாட வந்தீங்களா, கை தூக்க வந்தீங்களா?"

பாடகர் குழுவில் ஒரே சிரிப்பு. மொத்தம் ஆறு பேர், ஆறு மைக். கீபோர்டை ஒட்டி நிற்கும் தையல்காரம்மா மட்டும் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டார்.

மாஸ்டருக்கு அந்தத் துதிப் பாட்டின் பதிவு இன்றைக்கு முடிந்தாக வேண்டும். மூன்று மாதம் அவர் வலது கையில் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்துப் பதினைந்து நாள்தான் ஆகிறது. அதற்குள் சபைக் கமிட்டியில் பேச்சு கிளம்பிவிட்டது.

"ரெடிமேட் இசை வாங்கிப் போட்டுக்கலாமே, மாஸ்டர் எதுக்கு?"

"என் கை முன்னைவிட நல்லா இருக்கு. ஒரு பாட்டு கொடுங்க, காட்டறேன்" என்று சவால் விட்டுவிட்டு வந்திருக்கிறார்.

டிரம்ஸ், வயலின் எல்லாம் வீட்டிலேயே சாப்ட்வேரில் அடுக்கியாச்சு. கீபோர்டும் குரலும் சேர்ந்தால் பாட்டு ரெடி. அதைப் பார்க்கத்தான் பாஸ்டர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஐந்து மணிக்கு ஜெபக் கூட்டம், ஹாலைக் காலி பண்ணியாக வேண்டும். மணி நாலே கால்.

"எட்டாவது டேக். கடைசி. யாராவது பிசகினா நான் மனுஷனா இருக்க மாட்டேன்."

"இப்ப மட்டும்..." என்று பின்னாலிருந்து ஒரு குரல். மாஸ்டர் திரும்பியதும் அடங்கியது.

லேப்டாப்பில் டிக் டிக் என்று தாளம் ஆரம்பித்தது. அந்த டிக் டிக்கை விடாமல் கட்டிக்கொண்டு அழுவதால் மாஸ்டருக்குக் 'கடிகாரம்' என்று குழுவில் பட்டப்பெயர். அவருக்கும் அது தெரியும்.

கீபோர்டில் கை ஓடியது. கண் ஆறு வாயையும் மேய்ந்தது. எவர் எங்கே பிசகுகிறார் என்று காதைத் தீட்டி வைத்திருந்தார்.

பல்லவி முடிந்து சரணத்துக்கு ஏறும் இடம். அங்கேதான் மறுபடியும் இடறியது.

"அதே இடத்துல என்னமோ இடிக்குதே மாஸ்டர்..." என்று பாஸ்டர் ஆரம்பித்தார்.

"என்னோடதுதான் பாஸ்டர்!" தையல்காரம்மாவின் கை மேலே.

மாஸ்டர் எழுந்தேவிட்டார்.

"பாஸ்டர், இந்தக் குழுவுல ஒண்ணு இவங்க இருக்கட்டும், இல்லே நான் இருக்கேன்."

"பொறுமை மாஸ்டர். சிஸ்டர் பத்து வருஷமா பாடறாங்க."

"பத்து வருஷமா யாரும் தனியாக் கேக்கலே. இப்ப ஆளுக்கொரு மைக், ஆளுக்கொரு ட்ராக். இவங்க குரலை மட்டும் போட்டுக் காட்டறேன். கேட்டுட்டு நீங்களே முடிவு பண்ணுங்க."

தையல்காரம்மா பதறிப்போனார்.

"வேணாம் மாஸ்டர். நானே ஒத்துக்கறேனே, அப்புறம் எதுக்குப் போட்டுக் காட்டறது? வேணும்னா நான் நின்னுக்கறேன். வேற யாரையாவது வெச்சு எடுங்க."

"பயமா இருக்கோ?"

"ஆமா மாஸ்டர்."

"இருக்கும், இருக்கும்."

மற்ற ட்ராக் எல்லாவற்றின் வாயையும் அடைத்தார். ஸ்பீக்கரில் சத்தத்தை ஏற்றினார்.

முதல் டேக். பல்லவி முடிந்தது. குரல் அலுங்காமல் சரணத்துக்கு ஏறியது.

"இதுல தப்பிச்சுட்டாங்க" என்று முணுமுணுத்தபடி இரண்டாவதைப் போட்டார். சுத்தம். மூன்றாவது, நான்காவது... எட்டாவது வரைக்கும் நூல் பிடித்தாற்போல ஒரே குரல்.

இப்போது குழுவில் யாரும் சிரிக்கவில்லை.

பாஸ்டர் எழுந்து பக்கத்தில் வந்தார்.

"சிஸ்டர் எங்கேயும் தப்பே பண்ணலையே. அப்ப இடிச்சது யாரு?"

மாஸ்டர் மற்ற ஐந்து குரல்களையும் அந்த இடத்தில் மட்டும் போட்டுப் பார்த்தார். பழுதில்லை. மிச்சம் ஒரே ஒரு ட்ராக். கீபோர்டு.

அழுத்திய கட்டை ஒவ்வொன்றும் திரையில் ஒரு சின்னப் பெட்டியாக விழுந்திருக்கும். சரணத்துக்கு ஏறும் இடத்தில் ஒரு பெட்டிக்குப் பதில் இரண்டு, ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன. எட்டு டேக்கிலும் அதே கதை. வலது கை மோதிர விரல் மடங்காமல் பக்கத்துக் கட்டையையும் சேர்த்து மிதித்திருக்கிறது.

எட்டு தடவையும் அவர் ஆறு பேர் வாயைத்தான் பார்த்தார். தன் விரலைப் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்றவர் பார்த்திருக்கிறார்.

பாஸ்டர் திரையை எட்டிப் பார்த்தார். அவருக்கு அது ஏதோ கலர் கலராகக் கட்டம். மௌஸில் ஒரு தட்டு தட்டினால் போதும், அந்த உபரிப் பெட்டி போயே போய்விடும். ஒருத்தருக்கும் தெரியாது.

"மிஷின்ல ஏதாவது கோளாறா இருக்கும் பாஸ்டர்" என்று தையல்காரம்மா அவசரமாகக் குறுக்கிட்டார். "என் குரல் அதுல சரியா விழுந்திருக்காது. தப்பு என்னோடதேதான், எனக்குத் தெரியாதா?"

பேச்சுதான் பாஸ்டரிடம். கண் மாஸ்டரின் வலது கை மேல் இருந்தது.

மணி நாலே முக்கால்.

மாஸ்டர் மௌஸை விட்டார். அந்த வலது கையை எல்லாரும் பார்க்கிற மாதிரி உயரத் தூக்கினார்.

"தப்பு என்னோடது. இன்னொரு தடவை எடுத்துடலாமா?"