பாதிப் பந்தி

பியூரெட் என்கிற கோடு போட்ட கண்ணாடிக் குழாய்க்குள் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. நாகேஸ்வரன் கண்ணைக் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

தண்ணீர் ஏறினால், குடுவைக்குள் இருக்கும் திரவம் ஹைட்ரஜனைக் குடிக்கிறது என்று அர்த்தம். பாதி குடித்து நிறுத்திக்கொண்டால், அப்போதுதான் வெட்டிய புல்லின் வாசனை கிடைக்கும். பம்பாய் சென்ட் கம்பெனிகள் கப்பலில் வரவழைக்கிற சரக்கு அது. முழுவதையும் குடித்துவிட்டால் மிஞ்சுவது ஒன்றுக்கும் உதவாத எண்ணெய்.

குடிக்க வைப்பது பல்லேடியம் என்கிற வினையூக்கி. அதன் குணம் என்னவென்றால், உட்கார்ந்துவிட்டால் பந்தி முடியாமல் எழுந்திருக்காது.

விஷு முடிந்த வாரத்தில், முதல் தடவையே அது பாதியில் எழுந்தது. ஆய்வுக்கூடம் முழுக்கப் புல் மணத்தது. பிரிவுத் தலைவர் கல்யாணராமன் எல்லோருக்கும் பால்பாயசம் வரவழைத்தார்.

அதற்குப் பிறகு அந்த அதிர்ஷ்டம் நாகேஸ்வரனைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒவ்வொரு தடவையும் பல்லேடியத் தூளைப் புதிதாகத் தயாரித்தான். ஹைட்ரஜன் சிலிண்டரை மாற்றினான். குழாய்த் தண்ணீரைக் குற்றம் சொன்னான், பிறகு மழையை. ஓணம் நெருங்கிவிட்டது.

இன்று கடைசி. இன்றும் பலிக்காவிட்டால் வேலையை மூடிவிடச் சொல்லி மேலிடத்து உத்தரவு. அவனுடைய தற்காலிக உத்தியோகமும் அதோடு போகும். வலியசாலை வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு மாமனார் வீட்டில் போய் உட்கார வேண்டியதுதான். காலையில் இதைச் சொன்னபோது மனைவி அனந்தலக்ஷ்மி அடுக்களைக்குள் போய்விட்டாள்.

தண்ணீர் பாதிக்கோட்டை நெருங்கியது. பக்கத்து மேஜையில் வேலை செய்யும் லீலாபாய் தன் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றாள்.

கோட்டைத் தொட்டது.

நின்றது.

குடுவைக்குள் கலக்கி சுற்றிக்கொண்டேதான் இருந்தது. ஹைட்ரஜனும் மிச்சம் இருந்தது. தண்ணீர் மட்டும் ஒரு நூல்கூட ஏறவில்லை. நாகேஸ்வரன் குடுவையைத் திறந்தான்.

பச்சைப் புல்.

கல்யாணராமன் ஓடிவந்து அவன் தோளைப் பிடித்து உலுக்கினார். எதை மாற்றினாய், எதை மாற்றினாய் என்று கேட்டார். அவன் எதையும் மாற்றவில்லை. அதே முறையில் செய்த தூள். வழக்கம்போலக் காலையில் ஓவனின் மேல்தட்டில் வைத்துக் காயவிட்டு எடுத்தது. நாளைக்குச் சொல்கிறேன் சார் என்று தப்பித்துக்கொண்டான்.

கூட்டம் கலைந்த பிறகுதான் பசி தெரிந்தது. மற்றவர்கள் கான்டீனில் சாப்பிடுவார்கள். நாகேஸ்வரன் ஒருவன்தான் வீட்டுச் சாப்பாட்டுக் கேரியரைக் காலையில் வந்ததுமே ஓவனின் கீழ்த்தட்டில் வைத்துச் சூடு பண்ணிக்கொள்வான். கல்யாணராமன் அதைக் கண்டும் காணாமல் இருந்தார்.

ஓவன் கதவைத் திறந்தான். நெடி முகத்தில் அடித்தது.

பெருங்காயம்.

பால்பாயசம் குடித்த அன்றுதான் லீலாபாய் மூக்கைப் பொத்திக்கொண்டு, "சாரே, இது லேபோ, சாம்பார்க் கடையோ?" என்று கேட்டிருந்தாள். எல்லோரும் சிரித்தார்கள். நாகேஸ்வரனுக்கு மானமே போய்விட்டது. சாயங்காலம் வீட்டுக்குப் போய், இனி என் சாப்பாட்டில் பெருங்காயமே கூடாது என்று கத்தினான். தாராளக் கைக்காரியான அனந்தலக்ஷ்மி மறுநாளே நிறுத்திவிட்டாள். அன்று முதல் அவனும் அந்தச் சப்பென்ற குழம்பை வாய் பேசாமல் விழுங்கி வந்தான்.

பெருங்காயத்தின் நெடியில் கந்தகம் உண்டு. கந்தகம் பல்லேடியத்துக்கு விஷம். நிறைய ஏறினால் செத்துப்போகும். துளியூண்டு ஏறினால் வேகம் தணிந்து பாதிப் பந்தியில் எழுந்துவிடும். இத்தனையும் படித்தவன்தான் இத்தனை மாதமாக மழையைத் திட்டிக்கொண்டிருந்தான்.

கதவைப் பிடித்துக்கொண்டே நின்றான். கண் நிறைந்துவிட்டது. நெடி தாங்கவில்லை போலிருக்கிறது என்று லீலாபாய் நினைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் அனந்தலக்ஷ்மி வாசலிலேயே காத்திருந்தாள். கேரியரை வாங்கிக்கொண்டாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"கோச்சுக்காதேங்கோ. கடைசி நாளாச்சே, இன்னிக்காவது வாய்க்கு ருசியா சாப்பிடட்டும்னு போட்டுட்டேன். இனிமே போடமாட்டேன்."

அவனுக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. ஆனால் அந்த வீட்டில் நன்றி என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதில்லை.

"நாளைக்கும் போடு," என்றான். "இதே அளவு. கூடவும் வேண்டாம், கொறையவும் வேண்டாம்."