மதர்போர்டில் வளைந்த பின்கள்

மானிப்பாயில் கணினி திருத்தும் கடை வைத்திருந்த துவாரகாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நிரோஜன் ஒரே வாரத்தில் மூன்றாவது தடவையாக அதே கணினியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான். மூடியைக் கழற்றிப் பார்த்தாள். இம்முறையும் மதர்போர்டில் சுவிட்ச் வயர் மாட்டும் ஊசி போன்ற பின்கள்தான் வளைந்திருந்தன.

“உது தானா வளையாது. குறட்டாலை பிடிச்சு வளைச்சிருக்கு. என்னோடை கதைக்க வேணுமெண்டால் நேரை கதையுங்கோவன்!”

“சத்தியமா நான் தொடேல்லை,” என்றான் அவன், காது சிவக்க.

“பொய் வேறை!”

அந்நேரம் கடைத் தொலைபேசி அடித்தது. எடுத்தாள். ஒரு பெண் குரல் இரகசியமாய்க் கேட்டது.

“பிள்ளை, நான் நிரோஜன்ரை அம்மா. உம்மிலை விருப்பமெண்டு உவன் இண்டைக்காவது வாய் திறந்து சொன்னவனோ? இல்லாட்டி நான் இன்னும் எத்தினை பின்னைத்தான் வளைக்கிறது?”