புது சைலன்சர்

கேட்டைப் பிடித்து உலுக்கிக்கொண்டு நின்ற எதிர்வீட்டு டீச்சரைப் பார்த்ததும் ஜீப்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

காடு மலையெல்லாம் ஏறித் தேய்ந்து, காயலான் கடைக்குப் போகவிருந்த பழைய டீசல் ஜீப்புக்கு, இன்ஜினை இறக்கி ஏற்றி உயிர் கொடுத்தவர் அவர். பேட்டரி படுத்துவிடக் கூடாதே என்று தினமும் விடியற்காலையில் ஸ்டார்ட் செய்து வைப்பார். அந்தச் சத்தத்துக்காகத் தெருவையே கூட்டிக்கொண்டு போய் போலீசில் புகார் கொடுத்தது இதே டீச்சர்தான்.

"இன்னும் என்னங்க குறை?" என்று எகிறினார். "நாயா அலைஞ்சு புது சைலன்சர் வாங்கி நேத்துதான் மாட்டினேன். இன்னிக்குக் காலையிலயும் ஸ்டார்ட் பண்ணினேன். உங்க காதுல ஏதாவது விழுந்துச்சா?"

"விழலையே! அதைக் கேக்கத்தான் வந்திருக்கேன்!" என்று கத்தினார் டீச்சர். "இத்தனை வருஷமா உங்க வண்டி சத்தத்துலதானே எங்க வீடே கண்ணு முழிக்குது? பரீட்சைக்குப் போக வேண்டிய பொண்ணு இப்பதான் குளிக்க ஓடுறா. யாரைக் கேட்டு சைலன்சர் மாட்டினீங்க?"

ஜீப்காரர் தெருவைப் பார்த்தார்.

அன்று போலீசுக்குப் போன அத்தனை பேரும், வாயில் பிரஷ்ஷும் கலைந்த தலையுமாக அவர் வீட்டை நோக்கித்தான் வந்துகொண்டிருந்தார்கள்.